ப்ளக்கை மாற்றும் முன் வோல்ட்டைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கிறேன். ராணுவம் கழித்துக்கட்டிய 1985 எம்1008 டிரக் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். 6.2 லிட்டர் டீசல். 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. வெள்ளைப் புகை கொட்டுகிறது. கிளம்பினாலும் இரண்டு மூன்று நிமிடம் உதறிக்கொண்டே ஓடுகிறது. ப்ளக் சூடேறும்வரை பொறுக்கச் சொல்லும் 'வெயிட்' விளக்கு வழக்கம்போல் எரிந்து அணைகிறது. போன இலையுதிர் காலத்தில்தான் எட்டு க்ளோ ப்ளக்கும் (கிளம்பும் முன் சிலிண்டரைச் சூடாக்குபவை) புதிதாகப் போட்டேன். இப்போது சோதித்தால் நான்கு செத்துவிட்டன. ஒன்றைக் கழற்றப் பார்த்தேன், பாதி திரும்பி அதன்பின் வர மறுக்கிறது. 'ஜென் 2' (இரண்டாவது ஆல்டர்னேட்டர்) விளக்கு விட்டு விட்டு எரிகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள, க்ளோ ப்ளக்கை ஆளும் கன்ட்ரோல் கார்டை மாற்று என்கிறார் ஒரு நண்பர். எளிதில் தீப்பற்றும் ஈத்தர் ஸ்ப்ரே அடித்தால் போதும் என்கிறார் இன்னொருவர். வண்டி நின்றுபோனால் என் காரிலிருந்து ஜம்ப் கொடுக்கலாமா? முதலில் எதை வாங்குவது?

பதில்: ஒரு மல்டிமீட்டரும், டிசி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் வாங்குங்கள். கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசி மட்டுமே அளக்கும். அவை இங்கே உதவாது. அளந்து முடிக்கும்வரை கார்டும் வேண்டாம், ப்ளக்கும் வேண்டாம். உங்கள் வண்டியில் ப்ளக்குகள் தாமாகச் சாகவில்லை, எதுவோ கொல்கிறது. கொல்வது எது என்று தெரியாமல் இன்னும் எட்டுப் போட்டால் அடுத்த குளிருக்குள் அவையும் போகும்.

இரண்டு விஷயங்களை இப்போதே நிறுத்திவிடுங்கள். முதலாவது ஈத்தர். க்ளோ ப்ளக் உள்ள எஞ்சினில் ஈத்தர் அடிக்கவே கூடாது. ப்ளக் செந்நிறமாகக் காய்ந்திருக்கும்போது ஈத்தர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே வெடிக்கும். பிஸ்டன் ரிங் உடையும், பிஸ்டனே பிளக்கும், சில நேரம் இன்டேக் மேனிஃபோல்டு வழியாகத் தீ திரும்பி வரும். அதோடு, வெள்ளைப் புகை வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரிய மறுக்கிறது என்பதுதான் அதன் பொருள். புகையே இல்லாமல் செல்ஃப் சுற்றினால் எரிபொருள் பக்கம் தேடலாம்: பம்பின் ஷட்-ஆஃப் சோலனாய்டுக்கு 12 வோல்ட் வருகிறதா, ரிட்டர்ன் குழாய்களில் காற்று இழுக்கிறதா என்று. உங்கள் சிக்கல் சூட்டில் இருக்கிறது.

இரண்டாவது, பாதி வந்து நின்ற அந்த ப்ளக். அதை மேலும் முறுக்காதீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எம்1008, எம்1009, எம்1028, எம்1031 எல்லாம் ஒரே குடும்பம், ஜெனரல் மோட்டார்ஸ் தன் சிவிலியன் டிரக்கை ராணுவத்துக்காக மாற்றிக் கொடுத்தது. ஆம்புலன்ஸான எம்1010-இல் சார்ஜிங் அமைப்பு வேறு. கீழே ஆல்டர்னேட்டர் பற்றிச் சொல்வதை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். ஹம்வீ என்ற ராணுவ வண்டியில் க்ளோ ப்ளக்கை ஆளும் பெட்டியே வேறு. எம்35 ராணுவ லாரியின் மல்டிஃபியூயல் (பல எரிபொருளில் ஓடும்) எஞ்சினில் க்ளோ ப்ளக்கே கிடையாது. ராணுவ டிரக் என்ற பொதுப் பெயரில் கிடைக்கும் அறிவுரைகளை ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டுத்தான் பாதி வண்டிகளில் ஒயரிங் குழம்பிக் கிடக்கிறது.

உங்கள் வண்டி பாதி 12 வோல்ட், பாதி 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கின்றன. நெகட்டிவ் முனை எர்த்துக்குப் போகும் பேட்டரியைக் கீழ் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். அதன் பாசிட்டிவிலிருந்து 12 வோல்ட் கிளம்பி விளக்கு, வைப்பர், மீட்டர், கார்டு எல்லாவற்றுக்கும் போகிறது. அதே பாசிட்டிவ்தான் மேல் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இணைகிறது. மேல் பேட்டரியின் பாசிட்டிவில் 24 வோல்ட் கிடைக்கும். செல்ஃப் மோட்டாருக்கும், இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் வாங்க முன்பக்கம் உள்ள நேட்டோ ஸ்லேவ் சாக்கெட்டுக்கும் அதுதான் போகிறது. ஆல்டர்னேட்டரும் இரண்டு: ஜென் 1 கீழ் பேட்டரியை ஏற்றும், ஜென் 2 மேல் பேட்டரியை ஏற்றும்.

ப்ளக்குகளோ 12 வோல்ட் ப்ளக்குகள். ஆனால் தொழிற்சாலையில் அவற்றுக்கு 24 வோல்ட் பக்கத்திலிருந்துதான் கரன்ட் கொடுத்தார்கள். எட்டு ப்ளக்கும் இழுக்கும் சுமை ஒரே பேட்டரி மேல் விழாமல் இரண்டும் சமமாகத் தாங்கும் என்பது அதிலுள்ள வசதி. மிச்ச 12 வோல்ட்டை விழுங்க, ஏர் கிளீனருக்குப் பின்னால் ஃபயர்வாலில் ஒரு ரெசிஸ்டர் தொகுதியை வைத்தார்கள். எட்டு ப்ளக்கும் நலமாக இருக்கும்வரை இந்தக் கணக்கு சரி. ஒன்று போனதும் கணக்கு கெடத் தொடங்கும்.

எளிய எண்களில் பாருங்கள். சூடான ப்ளக் ஒன்றின் தடை 1 ஓம் என்று கொள்வோம். எட்டும் இணையாக இருப்பதால் மொத்தம் 0.125 ஓம். ரெசிஸ்டரும் 0.125 ஓம் என்றால் 24 வோல்ட் சரிபாதியாகப் பிரிந்து ப்ளக்குக்கு 12 கிடைக்கும். இரண்டு ப்ளக் செத்தால் மிச்ச ஆறின் தடை 0.167 ஓம். இப்போது ப்ளக் பக்கம் விழுவது 13.7 வோல்ட். நான்கு செத்தால் 16 வோல்ட். 12-இலிருந்து 16-க்கு ஏறினால் சூடு 78 சதவீதம் கூடும். அத்தோடு முடியவில்லை. எஞ்சின் கிளம்பிய பிறகும் கார்டு கொஞ்ச நேரம் ப்ளக்கை விட்டு விட்டுச் சூடேற்றும்; ப்ளக்குக்குப் போகும் கரன்ட்டைத் திறந்து மூடும் ரிலே 'டக் டக்' என்று அடிப்பது கேட்கும். அப்போது இரண்டு ஆல்டர்னேட்டரும் ஓடுவதால் 24 வோல்ட் பக்கம் 28-க்கு ஏறியிருக்கும். நான்கு ப்ளக் மட்டும் உயிரோடு இருந்தால் அவற்றுக்கு 18.7 வோல்ட் போகும். ஒன்று போனால் மற்றவை வரிசையாகப் போவது இதனால்தான். முதலில் செத்தது எது, ஏன் என்று கண்டுபிடிப்பதே உங்கள் வேலை.

சந்தேகப் பட்டியல் சின்னது. ஒன்று, ரிலே ஒட்டிக்கொண்டு ப்ளக்கை அணைக்காமல் விடுவது. இரண்டு, ஜென் 2 அளவுக்கு மீறி ஏற்றி 24 வோல்ட் பக்கத்தை 30-க்கு மேலே கொண்டுபோவது. மூன்று, தரம் குறைந்த ப்ளக்கோ வேறு வகை ப்ளக்கோ கலந்து போட்டிருப்பது. உங்கள் கடிதத்தில் ஜென் 2 விளக்கு வருவதால் அங்கிருந்து தொடங்குவோம்.

இரவு முழுதும் நின்ற வண்டியில் பேட்டரிகளைத் தனித்தனியே அளங்கள். இரண்டையும் சேர்த்து 24.6 வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள், ஒன்று 12.8, மற்றது 11.8 என்றாலும் கூட்டினால் 24.6 தான். ஒவ்வொன்றும் 12.6-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பிறகு ஒருவர் செல்ஃப் அடிக்க, மீட்டரை ஒரு பேட்டரியின் முனைகளிலேயே வைத்துப் பாருங்கள், அடுத்து மற்றதில். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழும் பேட்டரி போய்விட்டது. மாற்றினால் இரண்டையும் ஒரே வகையில், ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பழையதும் புதியதும் தொடரில் நின்றால் பழையது புதியதையும் கெடுக்கும்.

எஞ்சின் ஓடும்போது மறுபடியும் தனித்தனியே அளங்கள். ஒவ்வொரு பேட்டரியிலும் 13.8 முதல் 14.5 வரை இருக்கலாம். மேல் பேட்டரியில் 13-க்குக் கீழே என்றால் ஜென் 2 ஏற்றவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. ப்ளக்கைக் கொன்றவன் அகப்பட்டான்.

ஜென் 2-க்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதன் நெகட்டிவ் எர்த் இல்லை, கீழ் பேட்டரியின் பாசிட்டிவ். அதாவது அந்த நெகட்டிவ் முனையே எர்த்திலிருந்து 12 வோல்ட் மேலே மிதக்கிறது. ஆகவே உள்ளே நெகட்டிவ் முனையும் ஆல்டர்னேட்டரின் உடம்பும் ஒன்றையொன்று தொடாத வகையே இங்கே போட வேண்டும். சாதாரணக் கார் ஆல்டர்னேட்டரில் உடம்புதான் நெகட்டிவ். அதைக் கொண்டுவந்து இங்கே மாட்டி நெகட்டிவ் ஒயரை இணைத்தால் கீழ் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும், ஒயர் எரியும். ரிப்பேர் செய்து வாங்கியதானாலும் மாட்டும் முன் ஓம் மீட்டரில் நெகட்டிவ் முனைக்கும் உடம்புக்கும் இடையே பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது. ரிப்பேர்க் கடையில் உள்ளே மாற்றிக் கட்டிவிட்டுக் கொடுப்பது நடக்கிற காரியம்தான்.

விளக்கு விட்டு விட்டு எரிவதற்குப் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரைவிடச் சாதாரணமான காரணங்களே இருக்கும்: பெல்ட் தளர்வு, ஆல்டர்னேட்டரின் நெகட்டிவ் ஒயர் முனையில் பச்சை பூத்திருப்பது, பின்பக்கச் சின்ன ஒயர் கனெக்டர் சரியாக உட்காராதது. சாவியை ஆன் செய்து எஞ்சினைக் கிளப்பாமல் பாருங்கள். ஜென் 1, ஜென் 2 இரண்டு விளக்கும் எரிய வேண்டும். கிளம்பியதும் இரண்டும் அணைய வேண்டும். சாவி ஆனில் எரியாத விளக்கு, எஞ்சின் ஓடும்போது அணைந்திருப்பதால் ஒன்றும் நிரூபணமாகாது. இன்னொரு எச்சரிக்கை: பழைய மெக்கானிக்குகள் சிலர் ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் 'சோதிப்பார்கள்'. இந்த வண்டியில் அதைச் செய்தால் ரெகுலேட்டரும் டையோடும் ஒரே நொடியில் போகலாம்.

அடுத்து எர்த். நாற்பது வயதான வண்டியில் பாதி மர்மங்கள் எர்த்தில்தான் ஒளிந்திருக்கும். பெயிண்ட் மேல் வைத்து முறுக்கிய ஸ்ட்ராப், துருப்பிடித்த போல்ட், எஞ்சினிலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் பின்னல் பட்டை பாதி அறுந்து நிற்பது. ஓம் மீட்டர் இதில் பொய் சொல்லும். ஒரே ஒரு இழை பிடித்திருந்தாலும் 0 காட்டும். சுமை ஓடும்போது வோல்ட் இழப்பைத்தான் அளக்க வேண்டும். ஒரு முனையைக் கீழ் பேட்டரியின் நெகட்டிவில், ஈயத்தின் மேலேயே வையுங்கள். கிளாம்பின் மேல் வேண்டாம். மறு முனை எஞ்சின் பிளாக்கில். செல்ஃப் சுற்றும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ அழுக்கு. அடுத்து எஞ்சினிலிருந்து ஃபயர்வாலுக்கு, ப்ளக் சூடேறும்போது: 0.1-க்கு மேல் கூடாது. கழற்றி, வெறும் உலோகம் தெரியும்வரை கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

இனி ரிலே. உங்கள் வண்டியில் நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். 100 ஆம்பியரை ஒட்டி அடிக்கடி திறந்து மூடும் தொடுமுனைகள் ஒருநாள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். சாவியை எடுத்த பிறகும் ப்ளக் எரிந்துகொண்டே இருக்கும். காலையில் பேட்டரி காலி, ப்ளக்கின் நுனி வீங்கியிருக்கும். கொஞ்ச நேரம் ஒட்டிப் பின் தானாக விடுபடும் ரிலே இன்னும் மோசம், சோதிக்கும்போது நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

ரிலேயில் இரண்டு பெரிய முனை, இரண்டு சின்ன முனை. சின்ன முனைகள் காயிலுக்கு. சாவியை ஆன் செய்து இரண்டு சின்ன முனைகளுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். ப்ளக் சூடேற வேண்டிய நேரத்தில் 12-ஐ ஒட்டி இருக்கும், கார்டு விட்டதும் 0 ஆகும். அதே நேரம் ப்ளக் பக்கப் பெரிய முனையை எர்த்துக்கு எதிராக இன்னொரு மீட்டரில் பாருங்கள். காயில் 0 ஆனபின்னும் ப்ளக் பக்கம் வோல்ட் இருந்தால் ரிலே ஒட்டிவிட்டது. காயிலிலேயே வோல்ட் இறங்கவில்லை என்றால் கார்டோ, கார்டுக்குப் போகும் ஒயர் எங்கோ எர்த்தில் உரசுவதோ காரணம். கார்டின் ஒயர் கனெக்டரை உருவிவிட்டு மறுபடி பாருங்கள்: உருவியும் காயிலில் வோல்ட் நின்றால் ஒயர், போய்விட்டால் கார்டு. நண்பர் சொன்ன கார்டுக்கு விசாரணை இந்த இடத்தில்தான். காயிலுக்குக் கார்டு சரியான நேரத்தில் கரன்ட் தருகிறது, சரியான நேரத்தில் நிறுத்துகிறது என்றால் அதன் மேல் பழி இல்லை. 'வெயிட்' விளக்கு எரிந்து அணைந்ததை வைத்து ப்ளக் காய்ந்தது என்று முடிவு செய்ய முடியாது. நான்கு ப்ளக் செத்தும் உங்கள் விளக்கு வழக்கம்போல்தானே நடந்துகொண்டது?

ரிலே மூடியிருக்கும்போது இரண்டு பெரிய முனைகளுக்கு நடுவே 0.5 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் ஒட்டாவிட்டாலும் மாற்றுங்கள். புதிதாகப் போடுவது 12 வோல்ட் காயில் உள்ளதாக, தொடர்ச்சியாகக் குறைந்தது 100 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் செல்ஃப் சோலனாய்டுகள் கணநேரம் மட்டுமே தாங்குபவை. அவற்றின் காயில் அரை நிமிடத்தில் கொதிக்கும்.

எந்த வழியில் போனாலும் ஒரு சின்ன வேலையைக் கட்டாயம் செய்யுங்கள். ரிலேயின் ப்ளக் பக்கப் பெரிய முனையிலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக மெல்லிய ஒயர் ஒன்றை டேஷ்போர்டுக்கு இழுத்து ஒரு 12 வோல்ட் விளக்கை எர்த்தோடு இணையுங்கள். ப்ளக்குக்கு உண்மையில் கரன்ட் போகும் நேரமெல்லாம் அது எரியும். சாவியை எடுத்தும் எரிகிறதென்றால் ஸ்பேனரோடு ஓடி பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். அந்த விளக்கு இருந்திருந்தால் உங்கள் நான்கு ப்ளக் பிழைத்திருக்கலாம்.

ப்ளக்கைச் சோதிக்கும் வழி இரண்டு. ஒயரை உருவி, ப்ளக்கின் நுனிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓம் அளக்கலாம். குளிர்ந்த நல்ல ப்ளக் 1 ஓமை ஒட்டிக் காட்டும், செத்தது எல்லையின்மை காட்டும். மீட்டர் ஒயர்களை ஒன்றோடொன்று தொட வைத்து வரும் தடையை முதலில் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இவ்வளவு சின்ன அளவில் பிழை பெரிதாகும். ஆனால் ஓம் சரியாக இருந்தும் சுமையில் தடுமாறும் ப்ளக் உண்டு. கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு ப்ளக் ஒயரிலும் மாட்டி, சூடேற்றும்போது ஆம்பியர் பாருங்கள். சில நொடிகளில் 10 ஆம்பியரை ஒட்டி நிலைக்கும். எட்டில் ஏதாவது ஒன்று மற்றவற்றிலிருந்து 3 ஆம்பியருக்கு மேல் விலகினால் அதன் ஒயர் முனையைச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். பிறகும் விலகினால் ப்ளக். ஒன்று நினைவில் இருக்கட்டும்: ரெசிஸ்டர் இன்னும் மின்சுற்றில் இருக்கும்வரை ப்ளக் ஒயர் எதையும் உருவிய நிலையில் சூடேற்றாதீர்கள். மேலே சொன்ன கணக்கு உங்கள் சோதனைக்கும் பொருந்தும்.

இப்போது திருத்தம். ரெசிஸ்டரை மின்சுற்றிலிருந்து விலக்கி, ரிலேக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. தொழிற்சாலை அமைப்பைக் காப்பாற்ற நினைப்பவர்கள் உண்டு. அசல் மாறாமல் பேண வேண்டிய கண்காட்சி வண்டி என்றால் அவர்கள் சொல்வது சரி. தினமும் ஓட்டும் வண்டியில், ஒரு ப்ளக் செத்தால் மற்றவற்றைக் கொல்லும் அமைப்பை வைத்திருக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, முதலில் கீழ் பேட்டரியின் எர்த் ஒயரை எடுங்கள், பிறகு இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் ஒயரை. ஏர் கிளீனரைக் கழற்றினால் ரெசிஸ்டர் தெரியும். அதற்கு வரும் 24 வோல்ட் ஒயரை, 24 வோல்ட் இணைப்புக் கட்டையிலேயே கழற்றுங்கள். ரெசிஸ்டர் பக்கம் மட்டும் கழற்றி டேப் சுற்றி விட்டால் உயிருள்ள ஒயர் ஃபயர்வாலில் தொங்கிக்கொண்டிருக்கும். ரெசிஸ்டரிலிருந்து ரிலேக்குப் போகும் ஒயரையும் எடுத்துவிடுங்கள். இப்போது கீழ் பேட்டரியின் பாசிட்டிவ் வரும் 12 வோல்ட் கட்டையிலிருந்து ரிலேயின் உள்வரும் பெரிய முனைக்கு 6 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த செம்புக் கேபிள் ஒன்றைப் போடுங்கள். கட்டைக்கு அருகிலேயே 150 ஆம்பியர் மெதுவாக உருகும் ஃபியூஸ். குளிர்ந்த ப்ளக்குகள் முதல் நொடியில் கூடுதலாக இழுப்பதால் 100 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் வீணாக எரியும். கேபிள் முனை லக்குகளை நன்றாக நசுக்கிப் பொருத்துங்கள் (கிரிம்ப்). மேல் பேட்டரியின் பாசிட்டிவ் வரும் கட்டையில் தவறியும் மாட்டிவிட வேண்டாம். ரெசிஸ்டர் இல்லாமல் 24 வோல்ட் போனால் எட்டு ப்ளக்கும் சில நொடிகளில் முடிந்துவிடும். பேட்டரி ஒயர்களைக் கழற்றும் முன்பே, கேபிள் போடப்போகும் கட்டையை மீட்டரில் பார்த்து 12 என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. ப்ளக் சுமை முழுதும் இனி கீழ் பேட்டரி மேல், அதை ஈடுசெய்வது ஜென் 1 மட்டும். இரண்டும் நல்ல நிலையில் இருந்தே ஆக வேண்டும். குறைந்த தூரம் மட்டும் ஓட்டுபவரானால் கீழ் பேட்டரியை அவ்வப்போது சார்ஜரில் போடுங்கள்.

ப்ளக் வகையை இந்த மாற்றத்தோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். ஏசி டெல்கோ 60ஜி போன்ற, சூடேறியதும் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் ப்ளக்குகளே இந்த எஞ்சினுக்கு நான் சொல்வது. பழைய 9ஜி, 11ஜி வகைகள் கொஞ்சம் கூடுதல் நேரம் எரிந்தாலும் நுனி வீங்கும். ஆனால் ரெசிஸ்டர் இருக்கும்போது 60ஜி போடாதீர்கள். சூடேறினால் அதன் தடை கூடும், தடை கூடினால் ரெசிஸ்டரோடு பங்கு போடும் வோல்ட்டில் அதன் பங்கு கூடும். தன்னைக் கட்டுப்படுத்தும் குணமே அதற்கு எதிராக வேலை செய்யும். இரண்டு வகையைக் கலக்கவும் வேண்டாம், 24 வோல்ட் என்று அச்சிட்டதை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கவும் வேண்டாம். மரையில் துளி ஆன்ட்டி-சீஸ் தடவி, நுனியில் படாமல், கையாலேயே உட்காரவைத்து, சுமார் 10 பவுண்டு-அடி மட்டும் முறுக்குங்கள். 3/8 அங்குல ஆழ சாக்கெட் பொருந்தும். வலப்பக்கப் பின் சிலிண்டர்களுக்கு மேலிருந்து கை போகாவிட்டால் சக்கர வளைவு வழியாக முயலுங்கள்.

பாதியில் நின்ற ப்ளக்குக்கு வருவோம். மரை சுதந்திரமாகத் திரும்பியபின் இறுகுகிறது என்றால் வீங்கிய நுனி துளையில் சிக்கியிருக்கிறது. இழுத்தால் நுனி உடைந்து உள்ளே விழும். எஞ்சினை மிதமாகச் சூடேற்றி நிறுத்திவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை மரையைச் சுற்றி விட்டு இரவு முழுதும் ஊறவிடுங்கள். மறுநாள் கால் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே என்று முன்னும் பின்னும் ஆட்டி, இடையிடையே எண்ணெய் விடுங்கள். நுனியில் படிந்த கரி அரைபட்டு வழிவிடும். மரை முழுதும் விடுபட்டதும் நேராக, திருகிக்கொண்டே மெதுவாக இழுங்கள்.

உடைந்துவிட்டால் எஞ்சினைச் சுற்றவே கூடாது. அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரை 30 மில்லிமீட்டர் சாக்கெட்டால் கழற்றுங்கள். உடைந்த துண்டு ஹெட்டிலுள்ள சின்ன எரியறையான ப்ரீசேம்பருக்குள் இருந்தால் அந்தத் துளை வழியே ஒல்லி மூக்குக் குறடால் எடுக்க வழி உண்டு. எடுத்த துண்டையும் ப்ளக்கின் உடம்பையும் சேர்த்து வைத்து நீளம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் ஹெட்டைக் கழற்றுவதே வழி. இன்ஜெக்டரை மாட்டும்போது புது செம்பு வாஷர்.

கார்டு உண்மையிலேயே போயிருந்தால், விலை கொடுத்து இன்னொரு பழைய கார்டைத் தேடாமல் ஒரு அழுத்து பட்டன் போதும். ரிலேயின் இரண்டு சின்ன முனை ஒயர்களையும் கழற்றி சாவியை ஆன் செய்யுங்கள். 12 வோல்ட் வருவது சாவி வழி வரும் ஒயர். அதை அதன் இடத்திலேயே மாட்டிவிடுங்கள். மற்றது கார்டுக்குப் போவது, அதை மடக்கி இன்சுலேட் செய்துவிடுங்கள். காலியான சின்ன முனையிலிருந்து ஒயர் இழுத்து, பட்டன் வழியாக எர்த்தில் முடியுங்கள். விரலை எடுத்ததும் விடுபடும் பட்டனாக இருக்க வேண்டும். ஆன் செய்தால் நிற்கும் சுவிட்ச் போட்டால் என்றாவது ஒருநாள் மறந்துவிட்டு இறங்கிப் போவீர்கள். 60ஜி ப்ளக்கோடு, உங்கள் ஊர்க் குளிரில் 10 முதல் 15 நொடி அழுத்துங்கள், விட்டதும் தாமதிக்காமல் செல்ஃப். 11ஜி என்றால் 8 நொடியோடு நிறுத்துங்கள். செல்ஃப் அடிக்கும் முன் ஆக்சிலரேட்டரை ஒருமுறை முழுதாக மிதித்து விடுங்கள். குளிரில் எஞ்சினின் ஐடில் வேகத்தைக் கூட்டும் சோலனாய்டுக்குத் தானாக நெம்புகோலைத் தள்ளும் வலு இல்லை, மிதித்தால்தான் நிலைக்கு வரும். கிளம்பி உதறினால் இரண்டு நொடி வீதம் இரண்டு மூன்று முறை பட்டனைத் தொடலாம்.

இவ்வளவு நாளாக நெடுநேரம் செல்ஃப் அடித்திருப்பதால் செல்ஃப் மோட்டாரையும் பாருங்கள். வண்டியின் முன்பக்கம் பார்த்திருக்கும் அதன் முனையை எஞ்சின் பிளாக்கோடு தாங்கும் ஒரு பிராக்கெட் இருக்க வேண்டும். பலர் கழற்றியபின் திருப்பி மாட்டுவதில்லை. அது இல்லாமல் ஓடினால் மோட்டாரின் மூக்கு வெடிக்கும், சில வண்டிகளில் பிளாக்கில் போல்ட் ஏறும் இடமே பெயர்ந்துவிடும். சாவியை விட்டும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருந்தால் டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள செல்ஃப் ரிலே ஒட்டிவிட்டது. பேட்டரி வலுவிழந்து வோல்ட் குறையும்போது அது அதிகம் நடக்கும். ஒரு தடவை 15 நொடிக்கு மேல் சுற்றாதீர்கள், நடுவே ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

கடைசியாக ஜம்ப். ஸ்லேவ் சாக்கெட்டில் 24 வோல்ட் வண்டி மட்டுமே. உங்கள் காரை அதில் இணைத்தால் காரின் மின்னணுப் பெட்டிகள் கருகும். கார் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஒரு நேரத்தில் ஒரு பேட்டரியை ஏற்றுங்கள். கீழ் பேட்டரிக்கு வழக்கமான முறைதான். மேல் பேட்டரியில் மாட்டும்போது காரின் உடம்பு முழுதும் டிரக்கின் உடம்பிலிருந்து 12 வோல்ட் உயரத்தில் இருக்கும். இரண்டு பம்பரும் ஒன்றையொன்று உரசினாலோ, காரில் மாட்டிய இழுவைச் சங்கிலி டிரக்கைத் தொட்டாலோ கீழ் பேட்டரி ஷார்ட். ஓர் அடியாவது இடைவெளி விட்டு நிறுத்துங்கள், 20 நிமிடம் ஏறவிடுங்கள், கேபிளை முழுதாகக் கழற்றிய பிறகே டிரக்கின் சாவியைத் திருப்புங்கள். மாட்டிய நிலையில் செல்ஃப் அடித்தால் ஜம்ப் கேபிள் வழியே காரின் பேட்டரியும் அந்தச் சுமையில் பங்கெடுக்கப் பார்க்கும்; சின்னக் கேபிள் அதைத் தாங்காது.